தோட்டாவின் அடிப்பாகம் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே அங்கே பல வீடுகளின் கார் ஷெட்டில் வேலை தொடங்கிவிடும். சுட்டு முடித்த பித்தளை உறையைக் கழுவித் துடைத்து, மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள். பிறகு வெடிமருந்தைத் தராசில் நிறுத்து உள்ளே கொட்டி, வாயில் குண்டை அழுத்தி மூடுவார்கள். தோட்டா கடையிலும் கிடைக்கும். ஆனால் கையால் கெட்டித்தால் செலவு குறையும். தன் ரைஃபிளுக்கு எது ஒத்துவருகிறதென்று பார்த்துப் பார்த்துச் செய்வதால் குறியும் கூர்மையாகும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்திடம் மிஞ்சிய மருந்து மலிவு விலைக்கு வந்தது. அதை வாங்கி விற்றவர்களில் கன்சாஸ் மாநிலத்து புரூஸ் ஹாட்ஜ்டன் முக்கியமானவர். இந்தப் பழக்கம் ஊரெங்கும் பரவியது அப்போதுதான்.

இவர்கள் எல்லோர் கையிலும் ஒரு கையேடு இருக்கும். இந்தக் குண்டுக்கு இந்த மருந்து, இதில் தொடங்கு, இதைத் தாண்டாதே என்று அதில் அட்டவணை போட்டிருக்கும். கீழ் அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் வெளியே வந்த உறையின் அடிப்பாகத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே அழுத்தம் எல்லை மீறியதா என்று பித்தளையிடமே கேட்கும் முறை இது. ஒரு நூற்றாண்டாக நடந்துவருகிறது. அந்தச் சாட்சி சில நேரம் குழப்பும்; பெரும்பாலும் காலம் கடந்த பிறகே வாய் திறக்கும்.

உள்ளே நடப்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவில் மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மருந்து இருக்கும். 11.7 கிராம் எடையுள்ள குண்டை அது நொடிக்கு 820 மீட்டர் வேகத்துக்குத் தள்ளிவிடுகிறது. பிரைமர் தீப்பிடித்ததிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை மில்லிசெகண்டுக் கணக்குதான். அந்த நேரத்துக்குள் அழுத்தம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியும் விடுகிறது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச வரம்பு 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). நம் வீட்டு பிரஷர் குக்கரின் வெயிட் தூக்கிக்கொள்வது சுமார் 15 பிஎஸ்ஐயில். அதைப்போல் நாலாயிரம் மடங்கு. உறையின் அடிப்பாகம் மூன்று, நான்கு டன் விசையோடு பின்னால் வந்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டில் மோதுகிறது. அந்த போல்ட்டுக்கு ஒரு சாண் பின்னால்தான் சுடுபவரின் கண் இருக்கிறது.

புகையில்லா மருந்துக்கு ஒரு குணம் உண்டு: சுற்றிலும் அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். 1884-இல் முதல் வெற்றிகரமான புகையில்லா ரைஃபிள் மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் இதைச் சமன்பாடாகவே எழுதிவைத்தார். வேகமாக எரிந்தால் வாயு கூடும், வாயு கூடினால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் எரிவது இன்னும் வேகமாகும். குண்டு முன்னால் நகர்ந்து இடம் விட்டுக்கொடுப்பதால்தான் இந்தச் சுழற்சி கட்டுக்குள் நிற்கிறது. அதனால் மருந்தைச் சிறிது கூட்டினால் வேகம் சிறிதுதான் கூடுகிறது, அழுத்தமோ அதைவிட வெகுவாக ஏறிவிடுகிறது. எல்லையை நெருங்கும் இடத்தில் கடைசிச் சிட்டிகை தருவது சொற்ப வேகம். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. சற்றுக் கனமான குண்டு, வேறு நிறுவனத்தின் தடித்த உறை, வேறு பிரைமர், குழலின் வரித்தடங்களை முட்டும்படி முன்தள்ளி வைத்த குண்டு, இவற்றில் எது மாறினாலும் கணக்கு மாறும்.

இனி பித்தளை. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம் அது. சுடும் கணத்தில் உறை ஊதிப் பெருத்து, தோட்டா உட்காரும் சேம்பரின் எஃகுச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது. போல்ட்டைத் தூக்கினால் எளிதாக வெளியே வரும். அழுத்தம் மிகுந்துவிட்டால் எஃகுச் சுவரும் கூடுதலாக விரிகிறது, பித்தளையும் கூடவே போகிறது. பின்பு எஃகு தன் பழைய அளவுக்குத் திரும்பும். தன் மீள்திறனைத் தாண்டி நீண்டுவிட்ட பித்தளையால் அந்த அளவுக்குத் திரும்ப முடியாது. எஃகு அதைக் கவ்விக்கொள்கிறது. போல்ட்டைத் தூக்கக் கை முரண்டு பிடித்தால் உள்ளே நடந்தது இதுதான். வேட்டைக்காரர்கள் பார்க்கும் அடையாளங்களில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

மற்றவையும் உண்டு. உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் முள்ளின் துளைக்குள் அடிப்பாகத்துப் பித்தளை பிதுங்கி, பளபளப்பான வட்டத் தழும்பாகப் பதியும். பிரைமர் உட்காரும் குழி அகன்று, அடுத்த முறை பிரைமர் தொளதொளவென்று நிற்கும். இரண்டுமே உலோகம் ஓடத் தொடங்கிவிட்டதன் தழும்புகள். கண்டதும் நிறுத்திவிட வேண்டும். பிரைமரின் விளிம்பு தட்டையாவதும், அடிமுள் குத்திய பள்ளத்தைச் சுற்றி எரிமலை வாய்போல மேடு எழுவதும்தான் புதியவர்கள் முதலில் தேடுபவை. குழப்புபவையும் இவையே. பிரைமரின் கிண்ணம் ஒரு நிறுவனத்தில் மென்மை, இன்னொன்றில் தடிமன். அடிமுள்ளின் துளை சற்றுப் பெரிதாக இருந்தால் சாதாரணத் தோட்டாவிலும் மேடு எழும். உறைக்கும் சேம்பருக்கும் இடையே நீளவாக்கில் இடைவெளி கூடுதலாக இருந்தால் மிதமான மருந்திலும் பிரைமர் பின்னால் பிதுங்கி, போல்ட்டில் இடித்துத் தட்டையாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பித்தளை தன் தாங்குதிறனைத்தான் சொல்லும்; துப்பாக்கியின் தாங்குதிறன் அதற்குத் தெரியாது. .45-70 என்ற பழைய தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1873-ஆம் ஆண்டின் ‘டிராப்டோர்’ ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்காகக் கருமருந்துக் காலத்தில் வந்தது. அதன் வரம்பு 28,000 பிஎஸ்ஐ. அந்த ரைஃபிளில் அதைத் தாண்டி எவ்வளவோ தூரம் போனாலும் பித்தளையில் ஒரு கீறலும் தெரியாமல் இருக்கலாம். பித்தளைக்கு அது விளையாட்டு. ரைஃபிளின் பின்வாயை மூடும் கீல் கதவுதான் முதலில் உடையும். கையேடுகள் இந்த ஒரே தோட்டாவுக்கு மூன்று அட்டவணை போடுகின்றன: டிராப்டோருக்கு ஒன்று, லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, நவீன ஒற்றைத்தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. அடையாளம் எதுவும் தெரியவில்லை, ஆகவே இன்னும் ஏற்றலாம் என்ற வாதம் இங்கே நிற்காது.

கண்ணை நம்புவதற்கு எல்லை உண்டு என்பதை அமெரிக்க ராணுவமே ஒருமுறை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1917-இல் சில 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் சுடும்போது சிதறின. உறையின் அடிப்பாகம் மென்மையாக இருந்த தோட்டாக்கள் பிளந்தது ஒரு காரணம். சேம்பரைத் தாங்கும் எஃகுச் சட்டமும் நொறுங்குமளவுக்கு இறுகிப் போயிருந்ததை விசாரணை காட்டியது. கொல்லுப்பட்டறையில் பழுத்த எஃகின் சூட்டை அதன் நிறத்தைப் பார்த்தே நிதானித்து வந்தார்கள், கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் வெயில் நாளின் வெளிச்சத்தில் அதே நிறம் மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதாதென்று காய்ச்சிவிடுவார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, மேகமூட்ட நாளில் ‘சரியான’ சூட்டுக்கும் வெயில் நாளின் ‘சரியான’ சூட்டுக்கும் 300 ஃபாரன்ஹீட் டிகிரி வரை வித்தியாசம் இருந்ததாக ராணுவப் படைக்கல அதிகாரி ஜூலியன் ஹேச்சர் பதிவு செய்திருக்கிறார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றில் வரிசை எண் எட்டு லட்சத்துக்குக் கீழே உள்ளவற்றை இன்றும் சுடுவதற்கு ஆகாதவை என்று ஒதுக்கிவைக்கிறார்கள்.

கண்ணை விட்டுக் கருவிக்கு வருவதும் எளிதாக இருக்கவில்லை. 1790-களில் மியூனிக்கில் விஞ்ஞானி கவுண்ட் ரம்ஃபோர்டு ஒரு சிறு குழலில் மருந்தை அடைத்து, அதன் வாயில் பீரங்கியையே எடையாக ஏற்றி, எவ்வளவு மருந்து அதைத் தூக்குகிறது என்று பார்த்தார். கருமருந்தின் விசை ஒரு லட்சம் வளிமண்டலம் வரை போகும் என்று கணக்கிட்டார். பிற்பாடு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ நோபலும் ஃபிரெடரிக் ஏபலும் மூடிய எஃகுக் கலத்தில் அளந்தபோது கிடைத்தது சுமார் 6,400. நோபல் 1860-களில் கொண்டுவந்த முறை எளிமையானது: சேம்பர் சுவரில் துளையிட்டு, பிஸ்டன் வைத்து, அதன் தலையில் சிறு செம்பு உருளையை நிறுத்துவது. சுட்டபின் உருளை எவ்வளவு நசுங்கியது என்று அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். நூறாண்டுக்கு மேல் உலகம் இதைத்தான் நம்பியது.

ஆனால் செம்பு மந்தமானது. உச்சம் வந்து போகும் கணத்துக்குள் முழுவதும் நசுங்க அதற்கு நேரம் போதாது. கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்த பீசோ மின்விளைவு, அதாவது அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம், சேம்பருக்கு வந்தபோதுதான் முழு வளைகோடும் தெரிந்தது. .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர் மூன்றுக்கும் செம்பின் கணக்கில் வரம்பு ஒன்றே: 52,000. படிகத்தின் கணக்கிலோ முறையே 55,000, 62,000, 65,000 பிஎஸ்ஐ. ஆகவே பழைய புத்தகத்தின் எண்ணைப் புதியதாக மாற்ற ஒரே பெருக்கல் வாய்ப்பாடு கிடையாது. பழைய கையேடுகள் செம்பு எண்ணையும் பிஎஸ்ஐ என்றே அச்சிட்டிருப்பது இன்னொரு பொறி.

வெயிலும் இதில் ஒரு கணக்கு. மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும். இங்கிலாந்தின் குளிரில் சோதித்த, கார்டைட் என்ற புகையில்லா மருந்து அடைத்த தோட்டா, இந்தியக் கோடையில் ரைஃபிளுக்குள் இறுகிக்கொண்டு வெளியே வர மறுக்கும். எதிரில் காயம்பட்ட புலி நிற்கும்போது அது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜான் ரிக்பியின் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற தோட்டாக்கள் மூன்றேகால் அங்குல நீள உறையும் அடக்கமான அழுத்தமுமாக வந்ததற்கு இந்தச் சூடும் ஒரு காரணம். அந்தக் கார்டைட்டைத் தயாரிக்கத்தான் நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை எழுந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் சட்டப்படியான புலி வேட்டை நம் நாட்டில் இல்லை. வெப்பத்துக்கு அசையாத மருந்தைத் தேடும் வேலை மட்டும் உலகெங்கும் நடக்கிறது. காலைக் குளிரில் சோதித்துவிட்டு மதிய வெயிலில், காரின் முன்கண்ணாடி அருகே காய்ந்து கிடந்த தோட்டாவைச் சுடும் அமெரிக்கருக்கும் அந்தப் பழைய இடர் இன்றும் உண்டு.

வீட்டில் கெட்டிப்பவரிடம் படிகமும் ஆய்வகமும் இருக்காது. அவருக்குக் கட்டுப்படியாகும் நல்ல கருவி குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். அதே நீளக் குழலில், அதே குண்டுக்கும் மருந்துக்கும் கையேடு சொல்லும் உச்ச வேகத்தைத் தன் ரைஃபிள் தாண்டுகிறதென்றால், அந்தக் கூடுதல் வேகம் சும்மா வந்திருக்காது. கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பித்தளை வாய் திறக்கும் முன்பே இந்த எண் பேசிவிடும். கையேட்டின் உச்ச மருந்தளவை எட்டாமலேயே அந்த வேகம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் சரி. சேம்பரின் வெளிச்சுவரில் விகாரமானி ஒட்டி, எஃகு விரிவதை வைத்து அழுத்தத்தைக் கணிக்கும் ஆர்வலர்களும் உண்டு. சுவரின் தடிமனும் ஒட்டிய விதமும் கணக்கில் நுழைவதால் அந்தத் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் கடையில் வாங்கிய தோட்டாவையும் தான் கெட்டித்த தோட்டாவையும் ஒரே நாளில், ஒரே ரைஃபிளில் அடுத்தடுத்துச் சுட்டு, இரண்டு வளைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எது உயர்ந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்.