ஜன்னல் திரைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் அதை ஜன்னல் ஓரமாக வைக்கின்றனர். மானிட்டரில் வெயில் பட்டு எழுத்துகள் தெரியாமல் போகும்போதுதான் ஜன்னலுக்கு ஒரு நல்ல திரை வேண்டும் என்று தோன்றும். கடைக்குப் போனால், "கயிறு வச்சதா, ரிமோட்டா, இல்ல மொபைல்ல இயக்குறதா?" என்று கேட்கிறார்கள். ஜன்னல் திரைக்கு எதற்கு மொபைல் என்று நீங்கள் வியக்கலாம். அதற்கான காரணங்களையும், வாங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே பார்ப்போம்.

கயிறு ஏன் மறைகிறது?

பிளைண்ட்ஸ் எனப்படும் ஜன்னல் திரைகளை ஏற்றி இறக்க, பக்கவாட்டில் கயிறு அல்லது மணிச் சங்கிலி தொங்கும். இது குழந்தைகளின் கழுத்தில் சுருக்காக மாறக்கூடியது. அமெரிக்காவில் 5 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ள குழந்தைகளில், ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் இவ்வாறு இறப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டுள்ளது. கழுத்து இறுகியபின் குழந்தையால் சத்தம் போட முடியாது. பக்கத்து அறையில் இருக்கும் பெற்றோருக்குக் கூடத் தெரியாது.

2009 டிசம்பரில், சுமார் 5 கோடி திரைகளைச் சரிசெய்து கொள்ளும்படி அங்கே அறிவிப்பு வெளியானது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தரவிதி, கடையில் தயார் நிலையில் விற்கும் திரைகளில் நீண்டு தொங்கும் கயிறு கூடாது என்றது. ஆர்டர் கொடுத்துச் செய்யும் திரைகளுக்கும் 2024 ஜூன் முதல் கடும் கட்டுப்பாடு வந்தது.

கயிறு இல்லை என்றால் திரையை எப்படி ஏற்றுவது? கீழ்ப்பட்டையைக் கையால் தூக்கினால் ஏறும் ஸ்பிரிங் திரைகள் ஒரு வழி. இன்னொரு வழி மோட்டார். இப்படித்தான் ஜன்னல் திரை நம் கம்ப்யூட்டர் உலகத்திற்குள் வந்தது.

மின்சாரச் சிக்கனமும் ஒரு காரணம்

சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் விழும் வெயிலில் சுமார் 76 சதவீதம் உள்ளே புகுந்து வெப்பமாக மாறுகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெயில் ஏறும் முன் திரையை மூடினால் இதில் ஒரு பகுதியைத் தடுக்கலாம். ஆனால் நாம் மூடுவதில்லை. வீட்டு ஜன்னல் திரைகளில் சுமார் 75 சதவீதம் தினமும் ஒரே நிலையிலேயே விடப்படுகின்றன என்றும் அதே துறை கூறுகிறது. நாம் மறப்பதை, நேரம் குறித்து வைத்தால் மோட்டார் செய்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

திரை சுற்றியிருக்கும் குழாய்க்குள் நீளமான மோட்டார் ஒன்று மறைந்திருக்கும். அதனுடன் ஒரு சிறிய சிப். குழாய் எத்தனை முறை சுற்றியது என்பதைக் கணக்கிட்டு, திரை எந்த உயரத்தில் உள்ளது என்பதை இந்தச் சிப் அறிந்து கொள்ளும். முதல் நாள் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் பதிந்து வைத்தால், அங்கே வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். ரிமோட்டிலிருந்தோ மொபைலிலிருந்தோ வரும் கட்டளையை ரேடியோ அலை மூலம் பெறும் பகுதியும் உண்டு.

மோட்டார் பல திரைகளில் பேட்டரியில் இயங்குகிறது. வை-ஃபை இணைப்பில் எப்போதும் இருந்தால் பேட்டரி விரைவில் தீரும். எனவே குறைந்த மின்சக்தியில் இயங்கும் ஜிக்பீ, த்ரெட் போன்ற ரேடியோ முறைகளைப் பயன்படுத்துகின்றனர். 2019ல் ஐகியா வெளியிட்ட ஃபிர்டூர் திரை ஜிக்பீ வகை. அதன் பேட்டரியைக் கழற்றி யு.எஸ்.பி. மூலம் சார்ஜ் செய்யலாம். இத்தகைய திரைகளை மொபைலில் இயக்க ஹப் என்னும் சிறு பெட்டி தேவை. அது திரைக்கும் உங்கள் வை-ஃபைக்கும் இடையே தூதுவன் போலச் செயல்படும்.

ஒரு கம்பெனியின் திரை இன்னொரு கம்பெனியின் ஹப்புடன் பேசாது என்பது நெடுநாள் தொல்லை. இதைத் தீர்க்க ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் உட்படப் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய மேட்டர் என்ற பொது மொழி 2022 அக்டோபரில் வெளியானது. அதன் முதல் பதிப்பிலேயே ஜன்னல் திரைகளுக்கும் இடம் தரப்பட்டது.

சர்வர் நின்றால்?

நான் மென்பொருள் துறையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சில திரைகளில் உங்கள் மொபைல் கட்டளை நேராகத் திரைக்குப் போகாது. இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குச் சென்று, அங்கிருந்து உங்கள் வீட்டிற்குத் திரும்பி வரும். சர்வரை நடத்தப் பணம் வேண்டும். பணம் தீர்ந்தால் சர்வர் நிற்கும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. வாடிக்கையாளர்களின் மொபைல் அப்ளிகேஷன் ஒரே நாளில் பயனற்றுப் போனது. பின்னர் அதன் வாடிக்கையாளர்கள் சிலரே நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுத்தனர். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

சாதாரணத் திரை பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆகவே மோட்டார் திரையைத் துணி வாங்குவது போல வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் வாங்குவது போல விசாரித்து வாங்குங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

1. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ரிமோட்டிலோ பட்டனிலோ இயங்குமா? மின்வெட்டில் மோடமும் ஹப்பும் நின்றாலும் பேட்டரித் திரை ரிமோட்டில் இயங்க வேண்டும்.

2. பேட்டரியைத் தனியாக மாற்ற முடியுமா?

3. மேட்டர் முறைக்கு ஏற்றதா? தனி ஹப் வேண்டுமானால் அதன் விலை என்ன?

4. சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்?

5. அப்ளிகேஷனில் வலுவான பாஸ்வேர்ட் அமைக்க முடியுமா? நீங்கள் எப்போது திரையை மூடுகிறீர்கள் என்பது, எப்போது வீட்டில் இல்லை என்பதையும் காட்டிக் கொடுக்கும்.

ஓரிரு சிறிய ஜன்னல்கள்தான் என்றால் மோட்டாரே தேவையில்லை. ஸ்பிரிங் திரை போதும். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். கை எட்டாத உயரத்தில் உள்ள ஜன்னல், வரிசையாகப் பல ஜன்னல்கள், எழுந்து நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உள்ள வீடு ஆகியவற்றுக்கு மோட்டார் மிகவும் பயன்படும்.

புதிய திரை வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் ஒன்றைச் செய்யலாம். உங்கள் வீட்டுப் பழைய திரையில் கயிறு தொங்குகிறதா என்று இன்றே பாருங்கள். குழந்தையின் கட்டில், நாற்காலி, கம்ப்யூட்டர் மேஜை ஆகியவை அதன் அருகே இருந்தால் தள்ளி வையுங்கள். கயிற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். முடிந்தபோது கயிறில்லாத திரையாக மாற்றிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதுதான் முழுப் பாதுகாப்பு.