துடுப்பு யார் கையில்?

பிச்சாவரம் படகுத்துறையில் ஏறியதும் முதலில் வருவது அகலமான உப்பங்கழி. கொஞ்ச தூரம் போனதும் படகுக்காரர் ஒரு சந்துக்குள் திருப்பி, "தலையைக் குனிஞ்சுக்குங்க" என்பார். அதற்குமேல் துடுப்புப் போட இடமிருக்காது. இருபக்கமும் சுரபுன்னையின் வேர்கள் குடைக்கம்பிகளைப் போல வளைந்து சேற்றில் இறங்கியிருக்கும். அவற்றைக் கையால் பிடித்துத் தள்ளியே படகை நகர்த்துவார். எந்த ஓதத்தில் எந்த வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், எங்கே தரை தட்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது 'இதயக்கனி' படம் எடுத்த இடம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்றும் இந்தக் காட்டில்தான் நிற்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சதுப்பில் வளர்ந்த அலையாத்திக் காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தக் காடு ஒரு முறை சாகக் கிடந்தது. 1911-இல் தொடங்கி 1970-கள் வரை, பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடிப்பதுபோல் மரங்களை வெட்டினார்கள். தானாக முளைத்துவிடும் என்று கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயிலில் ஈரம் வற்றி, மண் நடுவில் தொட்டியாக அமுங்கிவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறியது. அதில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதால்தான் காடு அழிந்தது என்று நெடுங்காலம் பழி சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய அநியாயம்!

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. தண்ணீர் வந்து போகத் தொடங்கியது, கன்றும் பிடித்தது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரிதும் தப்பின. கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் சூறையாடப்பட்டது. ஊர் காட்டைக் காத்தது, காடு ஊரைக் காத்தது என்று இங்கே சொன்னால் அது வெறும் பேச்சில்லை.

இங்குள்ள இருளர் பழங்குடியினர் வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள். தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவி, விரலில் படும் இறாலை எடுத்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். இந்தச் சேற்றை இவர்களைவிட யார் அறிவார்? ஆனாலும் சுற்றுலா என்று வரும்போது இவர்கள் கரையோரக் காட்சியாகவே நின்றுவிடுகிறார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான்.

மாற்றிச் செய்ய முடியும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையோடு ஊர்மக்களே அலையாத்திக் காட்டுக்குள் படகு ஓட்டுகிறார்கள்; வருகிறவர்களுக்குக் கடல் உணவு சமைத்துப் போடுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் வெங்குர்லாவில் மாண்டவி கழியில் சுவாமினி என்ற மகளிர் குழு படகு வலித்துக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறது. மீன்காரப் பெண்கள்தான்; அவர்களே வழிகாட்டிகளும்.

பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் இருக்கின்றன, கூட்டத்துக்கும் குறைவில்லை. அதனால் இங்கே வளர்ச்சி என்று நான் கேட்பது இன்னும் அதிகப் படகுகளை அல்ல. குறுகிய வாய்க்கால்களுக்குள் விசைப்படகு வேண்டாம். அங்கே துடுப்புப் படகு மட்டும். ஒரு நாளைக்கு இத்தனை படகுகள்தான் என்று ஊரும் வனத்துறையும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். வழிகாட்டும் வேலையில் இருளர்களுக்கு முதலிடம் வேண்டும், இரக்கத்துக்காக அல்ல, அவர்களுக்குத் தெரிந்த விஷயத்துக்காக. சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவில் தங்கவும் வேண்டும்.

அந்தப் பங்கைச் செலவிட வேலையும் காத்திருக்கிறது. கன்றுகளுக்காக வெட்டிய வாய்க்கால்கள் ஓதம் கொண்டுவரும் வண்டலால் தூர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை விடாமல் தூர் வாரினால்தான் தண்ணீர் வரும், போகும். மண்வெட்டி பிடித்து அவற்றை முதலில் வெட்டியவர்கள் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள்.