மூச்சுக்குத் தாளம் போடும் மூளைத்தண்டு

யாழ்ப்பாணக் கடலில் சங்கு குளிப்பது பழைய தொழில். ஒல்லாந்தர் காலத்தில் இங்கிருந்து போன சங்கு வங்காளத்தில் வளையலானது. இன்றைய சுழியோடிகள் காற்றுச் சிலிண்டருடன் இறங்குகிறார்கள். அன்று குளித்தவர்களிடம் இருந்தது நெஞ்சில் அடக்கிய ஒரு மூச்சு மட்டுமே. அதை எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்பது மனத்திடத்தை மட்டும் பொறுத்ததல்ல, மூளைத்தண்டையும் பொறுத்தது.

இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கும். சுவாசத் தசைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. பிரிமென்றகடும் பழுவிடைத் தசைகளும் நரம்பு வழியே கட்டளை வந்தால்தான் சுருங்கும். அது பிறக்கும் இடம் மூளைத்தண்டு முண்ணாணோடு சேரும் பகுதியான நீள்வளைய மையவிழையம். அங்கே இடமும் வலமுமாகச் சில ஆயிரம் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. முன்-பொட்சிங்கர் தொகுதி என்று பெயர். 1991 இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜெக் ஃபெல்ட்மன் குழுவினர் எலிக்குட்டியின் மூளைத்தண்டிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை வெட்டிக் கரைசலில் வைத்தார்கள். நுரையீரலோ உடலோ இல்லாத அந்தச் சீவல் சுவாசத்தின் தாளத்தைத் தொடர்ந்து எழுப்பியது.

மாரிகாலத்தில் ஒரு தவளை கத்தத் தொடங்க, அடுத்தது சேர, வயலே அதிர்ந்து, பிறகு எல்லாம் ஒருமிக்க ஓய்வதைக் கேட்டிருப்போம். இந்தக் கலங்களும் அப்படித்தான். சில கலங்கள் மின்துடிப்பை எழுப்பி அடுத்தவற்றைத் தூண்ட, தொகுதி முழுவதும் ஒன்றாக முழங்கும். மூச்சு உள்ளே வரும். அது ஓய்ந்ததும் தசைகள் தளர, மூச்சு தானாக வெளியேறும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 18 தடவை இது நடக்கும், நித்திரையிலும் நிற்காது.

பேசவும் பாடவும் சுழியோடவும் மூளையின் மேற்பகுதி இந்தத் தாளத்தைச் சற்று நேரம் அடக்கலாம். அப்போது குருதியில் காபனீரொட்சைட்டு ஏறும். அதனால் கூடும் அமிலத்தன்மையை மூளைத்தண்டின் உணர்கலங்கள் அறிந்து தொகுதியைத் தூண்டும். நெஞ்சு முட்டுவது பெரும்பாலும் இதனால்தான். ஒட்சிசன் குறைவதைக் கழுத்து நாடியருகே உள்ள உணரிகள் அறியும். ஆனால் அது வெகுவாகக் குறைந்த பிறகே அவை பலமாக எச்சரிக்கும்.

ஆபத்து இங்கேதான். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது, காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறிவிடும். நெஞ்சு முட்டாததால் இன்னும் தாங்கலாம் என்று தோன்றும். அதற்குள் ஒட்சிசன் குறைந்து நீருக்கடியில் நினைவு தப்பும். அடக்கிவைத்த மனம் மயங்கியதும் மூளைத்தண்டு மறுபடி மூச்சிழுக்கச் சொல்லும். உள்ளே போவது நீர்.

கீரிமலைக் கேணியில் மூச்சுப் பிடித்து விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்போம்: வேகமூச்சு எடுத்துவிட்டு மூழ்காதீர்கள், தனியே மூழ்காதீர்கள், நெஞ்சு முட்டினால் உடனே மேலே வாருங்கள்.