எழுத்துக்கு மேலே பென்சில் கோடு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு வர 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அரசின் விலையில்லாப் பாடப்புத்தகமும் மலையேறித்தான் வருகிறது. வந்த புத்தகம் பிள்ளைகளின் கையில் என்ன ஆகிறது என்பதே இந்த வாரப் பேச்சு.

மலையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். மகிழ்ச்சியாக இருந்தது. "இதுல என்னம்மா சொல்லியிருக்கு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். "படிக்கத்தான் தெரியும். அர்த்தம் மிஸ் சொன்னாத்தான் தெரியும்" என்றாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கு மேலேயும் அதன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். அவள் இத்தனை நேரம் வாசித்தது அந்தத் தமிழைத்தான்.

இதில் அவள் தவறு ஒன்றுமில்லை. மலையாளிப் பழங்குடிப் பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே அவள் பாலம் கட்டி முடிப்பதற்குள் ஆங்கிலம் வந்து நிற்கிறது. தமிழில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் சொல்லை வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. காதால் பலமுறை கேட்டுப் பழகிய சொல்லைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பிள்ளைக்குப் பொருள் விளங்கும். நகரத்துப் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் வீட்டிலும் தெருப் பலகையிலும் கிடைக்கின்றன. மலைப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் ஆசையோடு பிள்ளைகளை அதில் சேர்த்தார்கள். அந்த ஆசையை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஆங்கிலம் யாருக்கு என்ன கதவைத் திறந்தது என்பதை நம் மக்கள் அறிவார்கள். பலகையில் 'ஆங்கில வழி' என்று எழுதியவர்கள் வாசிப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்பதுதான் நம் கேள்வி.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022-இல் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்குமாக 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களைத் தந்தது. நல்ல முயற்சி, ஆனால் அவை தமிழ்ப் புத்தகங்கள். அதேபோல ஆங்கிலத்துக்கும் படிப்படியான வாசிப்பு நூல்கள் வேண்டும். அதிலும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழி நூல்கள் வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் போன்றவை அத்தகைய நூல்களைப் பல ஆண்டுகளாக வெளியிடுகின்றன. மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் கதையில் வந்தால், அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பொருள் முன்பே தெரிந்திருக்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நூலகத்துக்கு ஆண்டுக்கு ரூ.5,000 வரை மானியம் உண்டு. அதுவே சிறு தொகை. அந்தத் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு அரசுகளும் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மாணவியின் பள்ளிக்காலமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒரே பையை நம்பியிருக்கக் கூடாது. இங்கேதான் இந்தப் பக்கத்துக்கும் கொல்லிமலைக்கும் உறவு. 2024-இல் தமிழகச் சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் இரு மக்களுக்கும் உரிய நிதியைத் திட்டமிட்டு ஒதுக்கி, உரியபடி செலவிட வேண்டும் என்பதற்கான சட்டம் அது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது 54 விழுக்காடுதான். இந்த இடைவெளியை அடைக்கச் செலவிடாவிட்டால் அந்த நிதி வேறு எதற்கு?

பெரிய தொகை ஒன்றும் கேட்கவில்லை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை தரப்பட்டது. அதே அளவில் உள்ளூரில் படித்த பெண் ஒருவரை அமர்த்தினால் ஆண்டுக்கு ரூ.12,000 ஆகும். புத்தகத்துக்கு ரூ.5,000. ஆக ஒரு பள்ளிக்கு ரூ.17,000. அந்தப் பெண்ணுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் ரூ.29,000-தான். கொடுக்கத்தான் வேண்டும். மலைப்பேச்சு தெரிந்த ஒருவர் பிள்ளைகளோடு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து, சத்தமாக வாசித்துக் காட்டி, பொருள் கேட்டு, பேச வைக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்த புத்தகம் யாருக்கும் ஆங்கிலம் கற்றுத் தராது.

நம் முன்னோர் வாசிப்பின் விலையை அறிந்தவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இதழ் தொடங்கியபோது அதற்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். ஏழையின் கைக்கு எட்டும் விலையே இதழின் பெயரானது. இன்று அந்த ஒரு பைசாவை அரசு கொடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

வாழவந்தி நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. அடுத்த கிராம சபையில் ரோடும் தண்ணீரும் கேட்கும்போது இதையும் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் தீர்மானமாக எழுதி வையுங்கள். 'எங்கள் பள்ளியில் வாசிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு ரூபாய் வந்தது, எந்தப் புத்தகம் வாங்கினீர்கள், அதை யார் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார்கள்?' இந்த மூன்று கேள்விகள் போதும்.

அந்த மாணவி அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போவாள். பாடம் இன்னும் கடினமாகும். பென்சில் கோடு பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் அவளோடு வராது.