கையெழுத்து யாருடையது?

"கேன்சருக்கு ஊசின்னா பெரியவங்களுக்குப் போட வேண்டியதுதானே? பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு எதுக்குண்ணா?"

திருப்பதியில் அலிபிரிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், அநேகமாக எல்லாருக்குமே, ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அது உடலுறவு வழியாகத் தொற்றும். பலருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு அங்கேயே தங்கி, பதினைந்து இருபது வருடம் கழித்துப் புற்றாகிறது. வைரஸ் உள்ளே வருவதற்கு முன்னால் போட்டால்தான் இந்தத் தடுப்பூசிக்கு முழுப் பலன். 9 முதல் 14 வயது என்று கணக்கு வைத்திருப்பது அதற்காகத்தான். 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும், ஏறக்குறைய 80,000 பேர் இறந்ததாகவும் உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது.

உடலுறவு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த அம்மா வடிகட்டியைத் தட்டுவதில் மும்முரமாகிவிட்டார். முதல் தடை அங்கேயே இருக்கிறது. வயசுக்கு வராத பெண்ணுக்கு இந்த ஊசி போட்டது தெரிந்தால், நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்தது, குழந்தை தங்காது என்ற வதந்தி. 2006-இலிருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் போட்டாகிவிட்டது. மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

படிக்காத சனம், வதந்தியை நம்பி மறுக்கிறது என்று சொல்லிக் கைகழுவுவது சுலபம். நான் அதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம், கம்மம்.

முன்பு கம்மம் மாவட்டத்தில் இருந்த பத்ராசலத்தை நம் பக்கத்தில் ராமர் கோயிலாகத்தான் தெரியும். அதைச் சுற்றி இருப்பது கோயா பழங்குடி கிராமங்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல், பாத் என்ற அமெரிக்க அமைப்பு, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மற்றும் மாநில அரசுடன் சேர்ந்து சுமார் 14,000 சிறுமிகளுக்கு கார்டசில் என்ற ஹெச்.பி.வி. ஊசி போட்டது. அதில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். அப்பா அம்மா எங்கோ மலைக்கிராமத்தில். அவர்களைத் தேடிப் போய்க் கேட்பதற்குப் பதில், தலைமையாசிரியரும் விடுதிக் காப்பாளரும் கையெழுத்துப் போட்டாலே போதும் என்றாகிவிட்டது. பின்னால் நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அறிக்கை வைத்தபோது கணக்கு வெளியே வந்தது: பார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் காப்பாளர் கையெழுத்து, 1,948-இல் வெறும் கைநாட்டு.

இதே திட்டம் குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. இரண்டு இடத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் எல்லாம் நிறுத்தப்பட்டது. விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் தெரியவந்தன. ஊசிக்குத் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் பெற்றவளைக் கேட்காமல் போட்ட ஊசிக்குப் பிறகு பிள்ளை செத்தால், குழு சொல்வதை யார் கேட்பார்கள்? ஊசி மேல் தப்பில்லை. கேட்ட விதத்தில்தான் தப்பு. அந்தத் தப்புக்கு நாடு பல வருடம் விலை கொடுத்தது. அதற்குள் வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்கள் பெண்களுக்குப் போட்டுக்கொண்டார்கள்; கார்காரர் வீட்டுக்கு ஊசி, கூலிக்காரர் வீட்டுக்குச் சந்தேகம். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற உள்நாட்டு ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தும், அது விற்பனைக்கு வந்தபோது சொன்ன டோஸுக்கு 2,000 ரூபாய் என்பது டீக்கடை வருமானத்துக்குச் சின்னத் தொகையாக இருக்கவில்லை.

சிக்கிமில் 2018-இல் வேறு மாதிரி செய்தார்கள். முதலில் ஆசிரியர்கள், பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரோடும் பேசிவிட்டுப் பிறகு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். 95 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். இலங்கையிலும் 2017-இலிருந்து ஆறாம் வகுப்பில் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

"அப்போ பள்ளிக்கூடத்துல போட்டா கையெழுத்துப் போடலாமா?"

"போடலாம்மா. ஆனா படிவம் தெலுங்கிலோ தமிழிலோ, உங்களுக்குப் புரியுற பாஷையில இருக்கணும். எந்த ஊசி, காய்ச்சல் வந்தா யாருக்குப் போன் பண்ணணும், ரெண்டையும் கேளுங்க. பாப்பாவை வெறும் வயித்துல அனுப்பாதீங்க. பயத்துல மயக்கம் வரும், போட்டதும் ஒரு அரைமணி நேரம் உட்கார வைக்கச் சொல்லுங்க. பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சுன்னு உங்க கருப்பை வாய்ப் பரிசோதனையை விட்டுடாதீங்க. முப்பது தாண்டினவங்களுக்கு அது வேற, ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியில செய்றாங்க."

ஆனால் பள்ளிக்கூடம் என்ற ஏற்பாட்டிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது: பள்ளிக்கு வராத பிள்ளைகள். இந்தத் திருப்பதி மாவட்டத்துப் பழங்குடியினரில் ஒரு பிரிவினர் யானாதிகள். ராக்கெட் தளம் வருவதற்கு முன் ஸ்ரீஹரிகோட்டாவே அவர்கள் தீவு. இன்று மீன்பிடியும் கூலிவேலையுமாக ஊர் ஊராகப் போகிறார்கள். பெரிய பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிடும். ஊசி பள்ளிக்கு வரும் நாளில் அந்தப் பெண்ணின் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே இருக்காது. ஏ.என்.எம். என்ற கிராமச் செவிலியர் அம்மா பகலில் குடிசைக்குப் போனால் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் வேலைவிட்டு வரும் சாயங்காலமாகப் பார்த்து, அவர்கள் ஆட்களில் ஒருத்தியையே கூட அழைத்துக்கொண்டு போக வேண்டும்; ஒரே நாளில் பதில் வராது என்று தெரிந்தும் போக வேண்டும்.