75 புள்ளி போட்டும் தோல்வி!

ஜிம்மர் ஃப்ரெடெட்டைத் தெரியுமா? அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து க்ளென்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, 2007-ல், இவருடைய அண்ணன் ஒரு காகிதத்தில் ஒப்பந்தம் எழுதி தம்பியிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். 'எந்தத் தியாகமும் செய்து, எப்பாடுபட்டாவது என்.பி.ஏ.வில் ஆடுவேன்' என்பது சாரம். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோர்ட்டில் இது செல்லாது. ஆனால் தம்பி காப்பாற்றினார்.

யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2010-11 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி. நாட்டிலேயே முதலிடம். நியூ மெக்ஸிகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 52! கோட்டுக்கு நாலடி தள்ளி, 'இங்கேயிருந்தா போடப் போறான்?' என்று நாம் நினைப்பதற்குள் பந்து வலைக்குள் விழுந்திருக்கும். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகளை அள்ளினார். 'ஜிம்மர்' என்ற பெயரே வினைச்சொல்லாகி, இவரிடம் உதை வாங்கிய அணியை 'ஜிம்மர் ஆயிட்டாங்க' என்றார்கள்.

2011-ல் என்.பி.ஏ. தேர்வில் பத்தாவது ஆளாக எடுக்கப்பட்டு சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்குப் போனார். அவருக்கு அடுத்த பதினோராவது ஆள் க்ளே தாம்ஸன், பதினைந்தாவது கவாய் லெனர்ட். இருவரும் பிற்பாடு சாம்பியன்கள். அதுகூடப் பரவாயில்லை. அதே வருடம் அறுபதாவதாக, அதாவது பந்தியில் கடைசி இலையாக வந்த ஐஸையா தாமஸ் என்ற ஐந்தடி ஒன்பதங்குலக்காரர், அதே கிங்ஸ் அணியில் இவரை முந்திக்கொண்டார்.

ஏன்? குறி மாறவில்லை ஸார். கல்லூரியில் பந்து எப்போதும் இவர் கையில். நாலு பேர் இவருக்காக ஓடினார்கள். என்.பி.ஏ.வில் பந்தே கைக்கு வராது. தடுப்பாட்டத்தில் இவரைவிட வேகமானவர்கள் இவரையே குறிவைத்துப் புகுந்தார்கள். கிங்ஸ், சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க்கில் பத்து நாள் ஒப்பந்தம்... பத்து நாள்! நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவருக்கே அதைவிட உத்தரவாதம் உண்டு.

2016-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஷாங்காய் ஷார்க்ஸுக்குப் போனார். சீன லீகில் வெளிநாட்டுக்காரரைக் காசு கொடுத்துக் கூப்பிடுவதே புள்ளி குவிக்கத்தான். பந்து மறுபடி கைக்கு வந்தது. முதல் சீசன் சராசரி 37.6. 2017-ல் ஓர் ஆட்டத்தில் 73 போட்டார், அணி தோற்றது. 2018 நவம்பரில் 75 போட்டார். ஸ்கோர் 137-136. ஜெயித்தது எதிரணி! வரவு 75, நிகர நஷ்டம் ஒன்று. எந்த ஆடிட்டரும் குழம்பிப் போவார். சீன ரசிகர்கள் 'தனிமைக் கடவுள்' என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அது பாராட்டாகவும் கேட்கிறது, பரிதாபமாகவும் கேட்கிறது.

2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூப்பிட்டது. முதல் ஆட்டமே அவருடைய பழைய யூட்டாவில், சால்ட் லேக் சிட்டியில். அன்று அவர் எதிரணிக்காரர். ஆனாலும் உள்ளூர் ஜனங்கள் அவரைக் களத்தில் இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். இறங்கினார். போட்டதெல்லாம் பெரும்பாலும் வெளியேதான் போயிற்று. ஆறே ஆட்டத்தில் அந்த அத்தியாயமும் முடிந்தது.

கண்ணீர்க் கதை என்று நினைக்காதீர்கள். கிரேக்கத்தில் பனாதினைக்கோஸ் அணியோடு சாம்பியன் ஆனார், மறுபடி ஷாங்காய் போனார், பிறகு பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் 3x3 ஆட்டத்துக்கு மாறி, 2023 உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கினார். 35 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். இரண்டாவது ஆட்டத்திலேயே காலில் அடி. அணிக்கு மொத்தமே நாலு பேர்தான். மிச்ச மூவரும் மாற்று ஆள் இல்லாமல் ஆடி, பதக்கமின்றித் திரும்பினார்கள்.

2025 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தார். அந்த ஒப்பந்தத்தில் என்.பி.ஏ.வுக்குப் போய்ச் சேருவது பற்றித்தான் எழுதியிருந்தது. எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு ஷரத்தும் போடவில்லை.