ஆங்கிலத்தில் துணிவழிப் பழிப்புச் சொற்கள்

துணிவழிப் பழிப்புச் சொற்கள் என்பன பஞ்சு, நூல், துணி ஆகியவற்றின் பெயர்களாக இருந்து, பின்னர் வெற்றுப்பேச்சையோ கட்டுக்கதையையோ குறிக்கத் தொடங்கிய ஆங்கிலச் சொற்கள் ஆகும். பாம்பாஸ்ட், ஃபஸ்டியன், யார்ன் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பேச்சைப் பழிக்கும் ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் இவ்வாறு வந்தவை அல்ல. எடுத்துக்காட்டாக, பங்க்கம் என்பது ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். 1820 இல் அமெரிக்கக் கீழவையில் வட கரோலைனாவின் பங்க்கம் பகுதி உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர், தம் தொகுதி மக்களுக்காகவே பேசுவதாகக் கூறி ஆற்றிய உரையால் அச்சொல் பிறந்தது.

பஞ்சு

பாம்பாஸ்ட் என்பது முதலில் பஞ்சையே குறித்தது. 16 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடவர் மேலாடைகளின் உள்ளே பஞ்சு திணித்து உடலைப் பருமனாகக் காட்டுவது வழக்கம். அதே நூற்றாண்டின் இறுதிக்குள், பொருள் குறைந்து சொல் உப்பிய பேச்சுக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று. 1592 இல் ராபர்ட் கிரீன் பெயரில் வெளிவந்த சிறுநூலில், ஷேக்ஸ்பியர் எனக் கருதப்படும் நடிகர் ஒருவர் இச்சொல்லின் வினைவடிவத்தால் எள்ளப்படுகிறார். ஃபஸ்டியன் என்னும் முரட்டுத் துணியின் பெயரும் ஏறத்தாழ அக்காலத்திலேயே பகட்டுரையைக் குறிக்கலாயிற்று.

அகராதிகள் சில இவற்றை "உளறல்" என்கின்றன. இது பொருத்தமன்று. உளறலுக்குப் பொருளே இராது; பாம்பாஸ்டின் உள்ளே சிறிதளவு உண்மை இருக்கலாம், சுற்றிலும் பஞ்சுதான் மிகுதி. "பகட்டுரை" என்பதே நெருங்கிய தமிழ்.

நூல்

நூலைக் குறிக்கும் யார்ன், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலோட்டிகளின் வழக்கில் நீண்ட கதையைக் குறித்தது. கயிறு திரித்தபடியே கதை பேசியதால் இப்பொருள் வந்தது என்பர். தமிழிலும் "கயிறு திரித்தல்", "சரடு விடுதல்" என்பன இதே பொருளில் வழங்குகின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. நூலும் கயிறும் திரிக்கும் எந்தச் சமூகத்துக்கும் இந்த உவமை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

ஆனால் தமிழில் பஞ்சுக்கு மதிப்பான இடமும் உண்டு. நன்னூலின் பாயிரத்தில் இடம்பெறும் வெண்பா ஒன்று, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகிக்கிறது. ஏட்டுக்கும் இழைக்கும் "நூல்" என ஒரே பெயர் வழங்குவதற்கு இது விளக்கமாகிறது.

பின்னலாடைத் தொழிலில்

திருப்பூர், வீரபாண்டி வட்டாரத்தில் இச்சொற்கள் சில இன்றும் சரக்கின் பெயர்களாகவே புழங்குகின்றன. நூல் வாங்கும் இடத்தில் யார்ன் என்றால் நூல்தான், கதையன்று. பனியன் கம்பெனிகளில் வெட்டியபின் எஞ்சும் துண்டுத்துணி "கட்டிங் வேஸ்ட்" எனப்படும். அதைக் கிழித்து மீண்டும் நூலாக்குவர். இதற்கு ஒப்பான வேலையைப் பழைய கம்பளித் துணியில் 1813 இல் தொடங்கியவர் யார்க்ஷயரின் பேட்லி ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் லா. அவ்வாறு கிடைத்த பொருளின் பெயர் ஷாடி. 1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், இத்துணியாலான படைச் சீருடைகள் விரைவில் நைந்துபோயின. அதன்பின் ஷாடி என்பது தரக்குறைவுக்கே பெயராயிற்று. இது பேச்சைப் பழிக்கும் சொல்லன்று, வேலையைப் பழிப்பது.

மாணவர் மிகவும் கவனிக்க வேண்டிய சொல் ஃபேப்ரிகேஷன். பொது ஆங்கிலத்தில் இது வேண்டுமென்றே புனைந்த பொய்யைக் குறிக்கும். ஏற்றுமதி ஆர்டர் தாள்களிலோ துணியின் வகையையும் இழைக் கலவையையும் குறிக்கும்; அவ்விடத்தில் "நூறு விழுக்காடு பருத்தி, சிங்கிள் ஜெர்சி" என்பதுபோல எழுதப்படும். சரக்கு தாமதமானதற்குக் கூறிய காரணத்தை வாங்குநர் இச்சொல்லால் குறித்தால், அவர் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. காரணம் பொய் என்கிறார். அக்கடிதத்துக்குத் துணி மாதிரி அனுப்புவது மறுமொழி ஆகாது.